ரீஸ்டோர் செய்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: விலை ஏறுவது வண்டிக்கா, செய்த வேலைக்கா?

மூன்றாம்கியர்:

கொஞ்ச காலமாக எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ரீஸ்டோர் செய்து வைத்தால் போதுமாம், விலை தானாக ஏறுமாம். ஏறியிருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. நிஸான் டாட்சன் என்ற பெயரில் விற்ற 240இசட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது 3,526 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைய பணத்தில் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு போய் ஆரம்ப காலத்து 240இசட் ஒன்றை நேர்த்தியான நிலையில் கேட்டால் விற்பவர் சிரிப்பார். டொயோட்டா 2000ஜிடி ஒன்று 2013 இல் டெக்சாஸ் ஏலத்தில் 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்குப் போனது. ஜப்பான் காருக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஷெல்பி குழு பந்தயத்தில் ஓட்டிய 2000ஜிடி, அதுவும் முதல் தொடர் எண் கொண்டது, 25 லட்சத்து 35 ஆயிரத்தைத் தொட்டது.

சரி, இதெல்லாம் வண்டியின் விலை. என் கேள்வி ரீஸ்டோரேஷனைப் பற்றியது. மொத்தம் 351 தான் செய்தார்கள் என்பதால் 2000ஜிடிக்கு விலை. முதல் எண், ஷெல்பி பெயர் என்பதால் அந்த ஒரு வண்டிக்கு இன்னும் விலை. இதில் பெயின்ட் அடித்தவருக்கும் எஞ்சின் பிரித்தவருக்கும் என்ன பங்கு?

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம் பாருங்கள். 2020 ஜனவரியில் ஆன்லைன் ஏலம் ஒன்றில் 1971 மாடல் 240இசட் 3,10,000 டாலருக்குப் போனதே, அது சுமார் 21,000 மைல் மட்டுமே ஓடிய, ரீஸ்டோர் செய்யாத வண்டி. யாரும் கை வைக்கவில்லை என்பதற்காகவே அந்த விலை. அதே மாடலை அக்கு அக்காகப் பிரித்து, எல்லாவற்றையும் புதிதாக்கி, கண்ணாடி போலப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினாலும் அதன் பக்கத்தில் போக முடியாது.

இன்னொன்று. 1990களின் கடைசியில் நிஸானே அமெரிக்காவில் பழைய 240இசட்களைத் தேடி வாங்கி, பிரித்து, புதிதாக்கி, தன் டீலர்கள் வழியாக 25,000 டாலர் அளவில் விற்றுப் பார்த்தது. இருநூறு வண்டி செய்யப் போவதாகப் பேச்சு. நாற்பதைக்கூட எட்டவில்லை. வண்டியைச் செய்தவர்களுக்கே, பாகமும் வரைபடமும் கையில் இருந்தவர்களுக்கே, அது கட்டுப்படியாகாத கணக்கு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஆகவே என் கட்சி இது: விலை ஏறுவது நிஜம், ஆனால் அந்த ஏற்றம் ரீஸ்டோர் செய்பவர் பாக்கெட்டுக்கு வருவதில்லை. மறுப்பவர்கள் வாருங்கள்.

தகரமும்துருவும்:

மறுக்க வரவில்லை தம்பி, கூடச் சேர்க்க வந்தேன். இந்த வேலையிலேயே காலம் போனவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

எழுபதுகளின் ஜப்பான் வண்டிக்கு எமன் துரு. எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. 240இசட்டின் எல்24 எஞ்சினை நீங்கள் கொல்ல நினைத்தாலும் எளிதில் சாகாது, 2.4 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், எந்த நல்ல மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் தகடு மெல்லியது, அந்தக் காலத்துத் துருத்தடுப்பு வேலையும் பெயரளவுக்குத்தான். பேட்டரித் தட்டுக்கு அடியில் அமிலம் சொட்டிச் சொட்டி அந்த இடமே இருக்காது. தரைத்தகடு, அதற்குக் கீழே ஓடும் சட்டம், கதவுக்குக் கீழே ராக்கர், பின் சக்கர வளைவுக்கு முன்னால் இருக்கும் மூலை, பின்கதவைச் சுற்றியுள்ள தகடு, இத்தனை இடத்திலும் வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே சல்லடை என்று அர்த்தம்.

இப்போது பணத்துக்கு வருவோம். மொத்தச் செலவில் எஞ்சினுக்குப் போவது எல்லோரும் நினைப்பதைவிடக் குறைவு. டிங்கரிங்கும் பெயின்டும்தான் விழுங்கும். காரணம் எளிது: எஞ்சின் வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம், துருவை வெட்ட ஆரம்பித்தால் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு ஓட்டையை வெட்டினால் அதைப் பற்றவைக்க நல்ல தகடு வேண்டும், நல்ல தகடு தேடிப் பின்னால் போனால் இன்னொரு ஓட்டை. ஒட்டும் தகடு ரெடிமேடாகக் கிடைத்தாலும் அப்படியே உட்காராது, தட்டி, வளைத்து, வெட்டி, கதவு இடைவெளி சரியாக வரும் வரை மல்லுக்கட்ட வேண்டும்.

அதனால்தான் சந்தையில் பாதி 'முழு ரீஸ்டோரேஷன்' என்பது பட்டி பூசிப் பளபளப்பாக்கியது. புதுப் பெயின்டைப் பார்த்து யாராவது வாயைப் பிளந்தால் எனக்குப் பயமாக இருக்கும். பெயின்ட் புதிதாக இருக்கிறது என்பதற்கு ஒரே பொருள், அடியில் என்ன இருக்கிறது என்று இனிமேல் பார்க்க முடியாது என்பதுதான். வாடிப்போன பழைய பெயின்ட் பொய் சொல்லாது. அந்த 3,10,000 டாலர் வண்டிக்கு ஏன் அவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஏலப்பார்வை:

மூன்றாம்கியர், அடிப்படை சரி. ஆனால் விலை ஏன் ஏறியது என்பதை வெறும் எண்ணிக்கைக் குறைவு என்று முடித்துவிட்டீர்கள். 240இசட் என்ன அபூர்வமா? 1973 வரைக்குமே ஒன்றரை லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். நிஸான் ஸ்கைலைன் வரிசையின் ஆர்32 ஜிடி-ஆர் நாற்பதாயிரத்துக்கும் மேல். இவை இரண்டும் ஏறவில்லையா?

தொண்ணூறுகளின் வண்டிகளைப் பொறுத்தவரை பெரிய விசை அமெரிக்காவின் 25 வருட விதி. 1988 இல் வந்த சட்டத்தின்படி அந்த நாட்டுப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்ப முதலில் செய்யப்படாத வண்டியை உள்ளே கொண்டுவர முடியாது, ஆனால் 25 வயது ஆகிவிட்டால் அந்தத் தடை விலகும். மாடல் வருடம் கணக்கில் வராது, உற்பத்தியான மாதம்தான் கணக்கு. ஆர்32 ஜிடி-ஆர் 1989 இல் வந்தது, 2014 இல் கதவு திறந்தது. ஆர்34 ஜிடி-ஆர் 1999 ஜனவரியில் வந்தது, 2024 ஜனவரியில் திறந்தது. வியாபாரிகள் என்ன முட்டாள்களா? தேதி முன்பே தெரியும், அதனால் இரண்டு மூன்று வருடம் முன்பாகவே ஜப்பானில் வாங்கிக் கிடங்கில் போட்டுவிடுகிறார்கள். விலை ஏறுவது கதவு திறக்கும் நாளில் அல்ல, அதற்கு முன்னாலேயே. கனடாவில் 15 வருடம் போதும் என்பதால் அங்கே இந்த நாடகம் பத்து வருடம் முன்பே முடிந்துவிடும்.

அப்புறம் யென். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 103, 104 யென். 2024 நடுவில் 160ஐத் தொட்டது. ஒரு கோடி யென் மதிப்புள்ள வண்டி முன்பு 96,000 டாலர் என்றால் பின்பு 62,500. ஜப்பானில் விலை பாதிக்கு மேல் ஏறியிருந்தால்கூட டாலர் வைத்திருப்பவருக்கு அது பழைய விலையாகவே தெரியும். ஜப்பானில் வசிக்கும் ரசிகருக்குத்தான் இதில் வயிற்றெரிச்சல், தன் ஊர் வண்டி தன் கைக்கு எட்டாமல் போகிறது. போதாததற்கு 13 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு அங்கே ஆண்டு வரியும் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. செய்தியில் வரும் ஏலத் தொகையில் பெரும்பாலும் வாங்குபவர் கமிஷனும் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்கு அது முழுதாகப் போவதில்லை. சினிமா வண்டிகளையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2023 இல் பால் வாக்கர் படத்தில் ஓட்டிய ஆர்34 13 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்குப் போனது. அதை வைத்துப் பக்கத்து கராஜில் நிற்கும் ஆர்34க்கு விலை சொல்பவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

சும்மாவந்தவன்:

இவ்வளவு எழுதியும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லையே: குமிழி. நாற்பது வயதுக்காரர்கள் சின்ன வயதில் கிரான் டூரிஸ்மோ என்ற கார் வீடியோ கேம் விளையாடினார்கள், இப்போது கையில் காசு இருக்கிறது, வாங்குகிறார்கள். அவர்கள் கிழவர்களானதும் யார் வாங்குவார்? அடுத்த தலைமுறைக்கு கார்புரேட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. உலகப் போருக்கு முந்தைய வண்டிகளில் சாதாரண ரகங்களின் கதி என்ன ஆனது என்று பாருங்கள், அதை விரும்பி வாங்கியவர்கள் மறைய மறைய விலையும் தேய்கிறது.

எஸ்20பித்தன்:

குமிழிக்காரருக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ரீஸ்டோரேஷன் விஷயத்தில் யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது: ரீஸ்டோர் என்ற பெயரில் வண்டியின் சாதியையே மாற்றிவிடுவது.

ஹகோசுகா என்று அழைக்கப்படும் ஸ்கைலைனின் முதல் ஜிடி-ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 இல் நான்கு கதவு, 1970 இறுதியில் இரண்டு கதவு. உள்ளே எஸ்20 எஞ்சின்: 1,989 சிசி, சிலிண்டருக்கு நான்கு வால்வு வீதம் 24 வால்வு, மேலே இரட்டை கேம், 160 குதிரைத்திறன். பிரின்ஸ் நிறுவனத்தின் ஆர்380 பந்தயக் காரில் இருந்த எஞ்சினின் வம்சம் அது. பிரின்ஸ் 1966 இல் நிஸானோடு இணைந்ததால் ஸ்கைலைனும் அந்த எஞ்சின் அறிவும் சேர்ந்தே வந்தன. ஜிடி-ஆர் சுமார் இரண்டாயிரம்தான் செய்தார்கள். ஆனால் அதே உடலில் சாதாரண ஜிடி ஏராளம். ஒரு ஜிடியை வாங்கி, பின் சக்கரத்துக்கு மேல் ஓவர்ஃபெண்டர் (வளைவை அகலமாக்கும் துண்டு) பூட்டி, முன்னால் ஜிடி-ஆர் முத்திரை ஒட்டி, எல்24இன் 2.8 லிட்டர் வகையான எல்28 எஞ்சினை ஏற்றினால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் சேஸிஸ் எண்ணில் இருக்கிறது. இரண்டு கதவு ஜிடி-ஆர் என்றால் கேபிஜிசி10. சாதாரண ஆறு சிலிண்டர் ஜிடி என்றால் கேஜிசி10. நடுவில் அந்த ஒரு 'பி'. ஃபேர்லேடி இசட்டிலும் (240இசட் வண்டிக்கு ஜப்பானில் வைத்த பெயர்) இதே கதைதான்: சாதாரண வண்டி எஸ்30, எஸ்20 எஞ்சின் கொண்ட இசட்432 என்றால் பிஎஸ்30. (432 என்பது சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்.) இசட்432 சுமார் 420 தான் செய்தார்கள், அதிலும் எடை குறைத்த 432ஆர் விரல்விட்டு எண்ணும் அளவு. 2020 ஜனவரியில் டோக்கியோவில் ஒரு 432ஆர் சுமார் எட்டே முக்கால் கோடி யென்னுக்குப் போனது. ஒரு எழுத்துக்கு இவ்வளவு பணம் தொங்குகிறது என்றால் அந்த எழுத்தைத் தகட்டில் 'ரீஸ்டோர்' செய்ய ஆள் இல்லாமல் போகுமா?

அடுத்த தலைமுறை ஸ்கைலைனில் வந்த கென்மெரி ஜிடி-ஆர் 1973 இல் வெறும் 197. மாசுக் கட்டுப்பாடு அதன் கதையை முடித்துவிட்டது. இன்று வீதியில் ஜிடி-ஆர் முத்திரையோடு திரியும் கென்மெரிகளை எண்ணினால் 197ஐவிட எத்தனையோ மடங்கு வரும்.

நகல் வைத்திருப்பது குற்றமில்லை. நானே ஒரு நல்ல எல்28 ஹகோசுகாவை ஓட்டியிருக்கிறேன், எஸ்20ஐவிட நிம்மதியான எஞ்சின், கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும், பாகமும் கிடைக்கும். நகல் என்று சொல்லி விற்றால் அதற்கும் நியாயமான விலை இருக்கிறது, அதுவும் ஏறித்தான் இருக்கிறது. சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. அதிலும் மூன்று நாடு, நான்கு கை மாறிய பிறகு யார் முதலில் மறைத்தார் என்றே தெரியாது.

மூன்றாம்கியர்:

பித்தன் சொன்னது என் கட்சிக்கு வலு சேர்க்கிறது. வாங்குபவர் காசு கொடுப்பது அடையாளத்துக்கு. வேலை அந்த அடையாளத்தைக் காப்பாற்றினால் விலை, அழித்தால் நஷ்டம். தொழிற்சாலையில் வைத்த, எண் பொருந்தும் எஞ்சினைத் தூக்கிவிட்டு அதைவிட நல்ல எஞ்சினை வைத்தாலும் சேகரிப்பாளர் கண்ணில் வண்டி ஒரு படி இறங்கிவிடுகிறது. ஓட்டுபவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

தகரம் அண்ணே, ஒன்று கேட்கிறேன். நீங்களே ஒரு வண்டியைப் பார்த்து 'இதை ரீஸ்டோர் செய்தால் போட்ட காசு வரும்' என்று நம்பிச் சொன்னது உண்டா?

தகரமும்துருவும்:

உண்டு, ஆனால் மிகக் குறைவு. அடி விலை மிக உயரமாக இருக்க வேண்டும். 2000ஜிடி போன்றதற்கு எவ்வளவு செலவு செய்தாலும் வண்டி மதிப்புக்குள் அடங்கிவிடும், ஏனென்றால் துருவை வெட்டுகிற கூலி 2000ஜிடிக்கும் சாதாரண 260இசட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தகட்டுக்குத் தன் வண்டியின் சந்தை விலை தெரியாதே. இரண்டாவது, உரிமையாளரே பாதி வேலையைச் செய்து, தன் நேரத்துக்குக் கூலி போடாமல் இருக்க வேண்டும். மற்றவர்களிடம் நான் நேராகச் சொல்லிவிடுவேன், வேறொருவர் காசு போட்டு முடித்ததை வாங்குங்கள் என்று.

ரோட்டரிக்காரன்:

எழுபதுகளிலேயே நிற்கிறீர்கள் எல்லோரும். தொண்ணூறுகளின் வண்டிகளில் பிரச்சினை வேறு மாதிரி. இங்கே எதிரி துரு மட்டும் இல்லை, முந்தைய உரிமையாளர்.

என்னிடம் மாஸ்டாவின் எஃப்டி ஆர்எக்ஸ்-7 இருக்கிறது. 13பி ரோட்டரி எஞ்சின், இரண்டு டர்போ, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் ஏற்பாடு. அதை இயக்க எஞ்சின் மேல் பாம்புப் புற்று போல வேக்குவம் குழாய்கள். சூட்டில் அந்த ரப்பர் காய்ந்து வெடிக்கும், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் அந்தக் காலத்தில் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஒற்றைப் பெரிய டர்போ போட்டார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். இன்றைக்கு எறிந்த அந்தச் சாமான்களை வைத்திருப்பவரைத் தேடி அலைகிறார்கள்! தொழிற்சாலை ஏர்பாக்ஸ், தொழிற்சாலைச் சக்கரம், தொழிற்சாலை ஸ்டீயரிங், இருக்கை, ஏன், ஆரம்பத்தில் வந்த ரேடியோகூட. 2002 இல் கடைசியாக வந்த ஸ்பிரிட் ஆர் என்ற ஆர்எக்ஸ்-7 வகை 1,500 தான், அதைக் கை வைக்காமல் வைத்திருந்தவர்கள் இன்று ராஜாக்கள்.

ஆர்32இலும் இதே கதை. அதன் டர்போவில் உள்ளே சுழலும் சக்கரம் செராமிக். தொழிற்சாலை அழுத்தத்தில் பிரச்சினை இல்லை, அழுத்தத்தை ஏற்றினால் உடைந்து சிதறும். எல்லோரும் ஏற்றினார்கள், உடைத்தார்கள், மாற்றினார்கள். டொயோட்டா சுப்ராவில் டர்போ இல்லாத வண்டியை டர்போ ஆக்கியது, ஆட்டோமேட்டிக்கை ஆறு கியர் மேனுவல் ஆக்கியது என்று எத்தனை! டொயோட்டாவின் ஏஇ86ஐக் கேட்கவே வேண்டாம். எண்பதுகளில் மலிவான, லேசான, பின்சக்கர இழுவை வண்டி. மலைப்பாதைப் பந்தயத்தைப் பற்றிய மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) ஒன்று அதைக் கடவுளாக்கியது. கடவுளாவதற்குள் பாதி வண்டிகள் ட்ரிஃப்ட் பழகியவர்கள் கையில் சுவரில் மோதி முடிந்துவிட்டன.

ஆகவே இந்த வண்டிகளுக்கு ரீஸ்டோரேஷன் என்றால் பெரும்பகுதி பின்னோக்கிப் போவது. மாற்றியதைக் கழற்றி, இருந்ததைத் திரும்பப் பூட்டுவது. இதில் காசு வருகிறது என்பது என் அனுபவம். துருப்பிடிக்காத உடல், எண் சரி, மேலே மட்டும் கன்னாபின்னாவென்று மாற்றிய வண்டி கிடைத்தால், கூடவே கழற்றிய சாமான் பெட்டியும் கிடைத்தால், அதுதான் இன்றைக்கு நல்ல கொள்முதல். மூன்றாம்கியர் சொல்வதை இந்த வகைக்கு நான் ஏற்கவில்லை.

இன்னொரு விஷயம், சேகரிப்பாளர்கள் மேல் எனக்குள்ள கடுப்பு. மைல் கூடினால் விலை குறையும் என்று ஓட்டாமல் வைப்பது. ரோட்டரி எஞ்சினை வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சீல்கள் ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் போய்விடும். டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போய் உள்ளே துரு. ஓடோமீட்டரில் 9,000 என்று பெருமையாக எழுதி விற்கிறார்கள், வாங்குபவர் முதல் மாதமே எஞ்சினைப் பிரிக்கிறார்.

ஏலப்பார்வை:

ரோட்டரிக்காரர் சொன்ன 'பின்னோக்கிப் போவது' இப்போது சாத்தியமாவதற்குத் தயாரிப்பாளர்களும் காரணம். 2017 இறுதியில் நிஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ ஆர்32க்கு ஹெரிடேஜ் பாகங்களை, அதாவது பழைய பாகங்களை மறுபடி செய்து, கொண்டுவந்தது, பிறகு ஆர்33, ஆர்34 வரை நீட்டித்தது. டொயோட்டா 2020 இல் 2000ஜிடிக்கே கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் பாகங்களை மறுபடி செய்தது, ஐம்பது வருடம் கழித்து! சுப்ரா ஏ70, ஏ80க்கும் தருகிறார்கள். மாஸ்டா முதல் தலைமுறை ரோட்ஸ்டரைத் தானே ரீஸ்டோர் செய்து தருவதாக 2017 இல் அறிவித்தது. அந்தக் காலத்து டயரைக்கூட பிரிட்ஜ்ஸ்டோன் மறுபடி வார்த்துக் கொடுத்தது. இதில் மூத்தவர் ஹோண்டாதான், தன் என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1993 முதலே புதுப்பித்துத் தரும் ரிஃப்ரெஷ் திட்டம் நடத்தியது. அலுமினிய உடல் என்பதால் தகரம் அண்ணன் பயப்படும் துரு என்எஸ்எக்ஸில் இல்லை, ஆனால் அடிபட்டால் அதைச் சரிசெய்யத் தெரிந்த கை குறைவு.

மூன்றாம்கியர் கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே வேலையைத் தொழிற்சாலை செய்து சான்றோடு கொடுத்தால் சந்தை அதற்கு மதிப்புக் கொடுக்கிறது. பெயர் தெரியாத கடை செய்தால் கொடுப்பதில்லை. வேலையின் தரம் ஒன்றாகவே இருந்தாலும்.

சும்மாவந்தவன்:

என் குமிழிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எஸ்20பித்தன்:

சொல்கிறேன். தலைமுறை மாறினால் விலை மாறும் என்பது சரி. ஆனால் எல்லாம் ஒன்றாக விழுவதில்லை. 2021, 22இல் எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு ஏறியது, வட்டி குறைவு, எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ஏலம் கேட்டார்கள். அதன் பிறகு சூடு தணிந்துவிட்டது, சுமாரான நிலையில் இருக்கும் வண்டிகள் வாங்க ஆளில்லாமல் நிற்கின்றன. நீங்கள் சொல்லும் குமிழி அங்கே ஏற்கனவே காற்று இறங்கிவிட்டது. சிறந்தவையும் முழுச் சரித்திரம் உள்ளவையும் அவ்வளவாக இறங்கவில்லை. 2000ஜிடிகூட 2013 சாதனைக்குப் பிறகு சில வருடம் அந்த உயரத்துக்குக் கீழேதான் விலை போனது, பிறகு ஷெல்பி வண்டி வந்தது. நேர்கோட்டில் ஏறும் என்று நம்பி வாங்கியவர் அழுவார், பிடித்ததால் வாங்கியவர் ஓட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்த தலைமுறைக்கு கார்புரேட்டர் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஜிடி-ஆர் சந்திப்புகளில் இருபது வயதுப் பசங்கள் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள். வாங்கக் காசு இல்லை, அவ்வளவுதான்.

சும்மாவந்தவன்:

காசில்லாத ஆசை விலையை ஏற்றாது நண்பரே. ஆனால் சுமாரான வண்டிகள் இறங்கிவிட்டன என்பதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி, நான் அதைத்தான் சொன்னேன்.

பதினாலுஇன்ச்:

எல்லோருக்கும் வணக்கம், இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒரு 1973 மாடல் 240இசட் வருகிறது. விற்பவர் முழு ரீஸ்டோரேஷன் என்கிறார், சிவப்புப் பெயின்ட், புது இருக்கை. கார்புரேட்டர் மட்டும் அந்த வருடத்துத் தட்டைத் தலை வகையை எடுத்துவிட்டு முந்தைய வருடங்களின் உருண்டைத் தலை வகை போட்டிருக்கிறார். ஆரம்ப வண்டிகளுக்குச் சொல்லும் விலையையே இதற்கும் சொல்கிறார். நியாயமா? என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

மூன்றாம்கியர்:

ஆரம்ப வண்டி விலை நியாயமில்லை. சேகரிப்பாளர்கள் துரத்துவது முதல் தொடரை, அதாவது பின்கதவிலேயே இரண்டு கிடைமட்டக் காற்றுத்துளை வரிசை இருக்கும் வண்டிகளை. 1973 இல் மாசுக் கட்டுப்பாட்டுக்காக வந்த தட்டைத் தலை கார்புரேட்டர் அன்றிலிருந்தே தலைவலி, பம்பரும் கனத்துவிட்டது. உருண்டைத் தலைக்கு மாற்றுவது எல்லோரும் செய்வதுதான், ஓட்டுவதற்கு நல்லதும்கூட, அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கழற்றிய பழைய ஜோடி இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் பெட்டியில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை அண்ணன் சொல்லட்டும்.

தகரமும்துருவும்:

முதலில் கேட்க வேண்டியது புகைப்படம். முடித்த பிறகு எடுத்ததை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள், பெயின்டைச் சுரண்டி வெறும் தகடாக நின்றபோது எடுத்தது வேண்டும். உண்மையில் முழு வேலை செய்தவர் அந்தக் கட்டத்தில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்திருப்பார், காட்டவும் ஆசைப்படுவார். ஒன்றுகூட இல்லை என்கிறார் என்றால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன். ரசீதும் கேளுங்கள், யார் என்ன வேலை செய்தார் என்று பெயரோடு.

பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். பின் சக்கர வளைவைச் சுற்றியும் கதவுக்குக் கீழேயும் கூரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எண் திடீரென்று எகிறினால் பட்டி. மீட்டர் கிடைக்கவில்லையா, மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். தூக்கி நிறுத்தி அடியில் பாருங்கள். கருப்புத் தார் புதிதாக அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். கதவு, பின்கதவு ஓரங்களில் தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும், மழமழவென்று இருந்தால் யாரோ மூடியிருக்கிறார்கள்.

சிவப்பு அதன் பிறந்த நிறமா என்று டேஷ்போர்டுக்கு அடியில், கம்பளத்தைத் தூக்கி, மறைவான மூலைகளில் பாருங்கள். வேறு நிறம் எட்டிப் பார்த்தால் அதையும் சொல்லி விலையைக் குறையுங்கள். எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டு எண்ணும் எஞ்சின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா, ஃபயர்வாலில் பொறித்த சேஸிஸ் எண் டேஷ்போர்டுத் தகட்டோடு பொருந்துகிறதா, இதை டார்ச் அடித்து நீங்களே படியுங்கள், அவர் வாசித்துச் சொல்வதைக் கேட்காதீர்கள். வண்டி ஜப்பானிலிருந்து வந்திருந்தால் அங்கத்திய ஏலத்தாளைக் கேட்கச் சொல்லியிருப்பேன், தரம் 'ஆர்' என்று இருந்தால் விபத்துப் பழுதுபார்த்தது என்று தெரிந்துவிடும். உங்களுடையது அமெரிக்க வண்டி போலத் தெரிகிறது, அதனால் கதவுத் தூணில் உற்பத்தி மாதம் போட்ட தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றச் சொல்லி அந்தத் தட்டையும், தரைக்குக் கீழே ஓடும் சட்டத்தையும், பின்கதவின் கீழ் ஓரத்தையும் நெருக்கமாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பார்த்துவிட்டு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.